திடலில் ஒரு மைல்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு

கோயில் மாதர் குழுவினரை உடல்தகுதிச் சோதனைக்காகக் காலை ஏழுக்கே பள்ளித் திடலுக்கு வரச் சொல்லியிருந்தேன். வெயில் ஏறினால் இதயத் துடிப்பும் சேர்ந்து ஏறும், கணக்கு பொய்யாகிவிடும். பாதிப் பேர் உடல் எடைக் குறியீடு 27.5-ஐத் தாண்டியவர்கள். மலேசியாவில் உடல்பருமன் அங்கிருந்து தொடங்குகிறது.

பலகையில் ஏறி இறங்கும் சோதனை வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மூச்சு வாங்கும் முன்பே முட்டி கெஞ்சும். இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் ராக்போர்ட் நடை: ஓடாமல், முடிந்த வேகத்தில் ஒரு மைல். நம் திடலில் எட்டுச் சுற்று, மேலே 9 மீட்டர்.

நடந்து முடித்த கையோடு 15 நொடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். கேண்டீன் அக்காவுக்கு மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒன்றும் சிக்கவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்தோரம் தொட்டதும் டக்கென்று கிடைத்தது: 34.

ஜூன் 9, திங்கள்

உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று இந்த நடையை வைத்துக் கணிக்கும் சூத்திரம் 1987-இல் வந்தது. எடை, வயது, ஆணா பெண்ணா, நேரம், துடிப்பு எல்லாம் அதில் உண்டு. கேண்டீன் அக்காவுக்கு 45 வயது, 95 கிலோ, 18 நிமிடம், துடிப்பு 136. நிமிடத்துக்கு, கிலோவுக்கு 19 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று வந்தது. தையல் அக்காவுக்கும் அதே வயதுதான். 50 கிலோ, பதினாறரை நிமிடம், துடிப்பு 140. அவருக்கு 31.

கேண்டீன் அக்கா ஃபெயிலா? எடையால் பெருக்கிப் பார்த்தேன். அவருக்கு 1.8 லிட்டர், தையல் அக்காவுக்கு 1.6-க்கும் கொஞ்சம் குறைவு. மொத்த ஆக்சிஜன் கேண்டீன் அக்காவுக்குத்தான் அதிகம்! கிலோவால் வகுக்கும்போதுதான் மார்க் சரிகிறது. அதற்காக 19-ஐத் தள்ளிவிடவும் முடியாது. மாடிப்படி ஏறும்போது அந்த 95 கிலோவையும் அவர்தானே சுமக்க வேண்டும்?

இன்னொரு வேடிக்கை. அதே நேரம், அதே துடிப்பு, எடை மட்டும் பத்துக் கிலோ குறைந்தாலும் சூத்திரம் 1.7 கூட்டிக் கொடுத்துவிடும். உண்மையான அளவு வேண்டுமென்றால் முகமூடி மாட்டி, டிரெட்மில்லில் மூச்சுக்காற்றை அளக்க வேண்டும். நமக்கு எங்கே!

ஜூன் 11, புதன்

"டீச்சர், நான்தான் ஃபர்ஸ்ட்டா?" என்று ஒரு பெரியம்மா போன் செய்தார். துடிப்பு வெறும் 96; மதிப்பெண் பிரமாதமாக வந்திருந்தது. மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலாலாம். அந்த வகை மாத்திரை துடிப்பை அமுக்கி வைக்கும். சூத்திரம் அதை நல்ல இதயம் என்று நம்பிவிடும். உச்சத் துடிப்புக்கு '220-இல் வயதைக் கழி' என்ற கணக்கும் அவருக்கு ஆகாது.

ஜூன் 15, ஞாயிறு

பெரியம்மாவுக்கு இன்று ஆறு நிமிட நடை. வகுப்பறைத் தாழ்வாரத்தில் 30 மீட்டருக்கு இரண்டு கூம்பு வைத்தாயிற்று. இதில் தூரம்தான் கணக்கு, துடிப்பு வேண்டாம்.

"எடை இறங்கலன்னா வீணா டீச்சர்?" என்றார் கேண்டீன் அக்கா. அவர் அட்டையில் 19, 1.8 இரண்டையும் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் துடிப்பையும் குறித்துக் கொடுத்தேன். செப்டம்பரில் இதே திடலில் இதே காலை வேளையில் நடந்து பார்ப்போம், துடிப்பு ஏறாமல் 18 நிமிடத்துக்கும் குறைவாக முடித்தால் தேறிவிட்டீர்கள் என்றேன்.