கிறீஸ் நிப்பிளைத் தேடி: ஒரு கராஜ் நாட்குறிப்பு

2024 ஒக்ரோபர் 5, சனி

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ரீச்சர் ஒருவர் தன் வாகன்-ஆர் காரைச் சேர்விசுக்கு விடும்போது, "தம்பி, சும்மா கழுவிப்போட்டுத் தந்திடாதையுங்கோ, கிறீசும் அடிக்கவேணும்" என்றார். அவருடைய ஐயா ஒஸ்ரின் கார் வைத்திருந்தவராம். லீவு நாள் வந்தால் கிறீஸ் கன்னோடு காருக்குக் கீழேதான் கிடப்பாராம்.

"இந்தக் காரில் கிறீஸ் அடிக்க இடமே இல்லை ரீச்சர்" என்றேன். கிறீசை அழுத்தி ஏற்றுகிற கன்னின் வாயைப் பொருத்தும் சின்ன முனைதான் நிப்பிள். அது இதில் கிடையாது. அவர் நம்பவில்லை. காசை வாங்கிவிட்டு வேலையைச் செய்யாமல் விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்தானே. காரை உயர்த்தி, லைற் அடித்து, நேரிலேயே காட்டினேன். முன்சில்லைப் பிடித்திருக்கும் குண்டு மூட்டு (போல் ஜொயின்ற்), ஸ்ரியரிங் பக்கத்தில் சில்லைத் திருப்புகிற ரை ரொட் எண்ட், இரண்டுக்கும் கறுப்பு றப்பர் உறை. உள்ளே உருக்குக் குண்டு ஒன்று பிளாஸ்ரிக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. செய்யும்போதே கிறீஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். தேய்ந்தால் முழுதாக மாற்றுவதுதான். பாகங்கள் பொருந்தும் இடத்தில் இருக்கிற புஸ்கள் றப்பர். அவை வழுக்குவதில்லை, முறுகிக் கொடுக்கின்றன. அவற்றில் கிறீஸ் பூசினால் றப்பர் ஊதிப் பழுதாகிவிடும்.

ரீச்சர் குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பார்த்தார். இப்படிக் கேட்டுப் பார்க்கிறவர்கள் வந்தால் எனக்குச் சந்தோசம்.

ஒக்ரோபர் 9, புதன்

மூடின ஜொயின்ற்தானே, பார்க்கத் தேவையில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இன்று வேலணையிலிருந்து வந்த காரைக் காட்டவேண்டும். பண்ணைப் பாலத்தால் தினமும் வந்து போகிற கார். றோட்டின் இரண்டு பக்கமும் கடல், எந்நேரமும் உப்புக் காற்று.

முன்சில்லைச் சுழற்றும் ஷாஃப்ற்றின் வெளி ஜொயின்றில் றப்பர் உறை மடிப்போடு மடிப்பாகக் கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கறுப்புக் கிறீஸ் றிம்மின் உட்பக்கத்தில் கோடாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு உரசினேன், நறநறவென்று மணல். ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டித் திருப்பினால் டக் டக் என்று சத்தம். உறை வெடித்தவுடன் வந்திருந்தால் உறையும் புதுக் கிறீசும் போதும். இப்போது ஜொயின்றையே மாற்றவேண்டும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த நாலு வருசமும் கையில் இருந்த வாகனத்தைக் காப்பாற்றுவதுதான் எல்லாருக்கும் வழியாக இருந்தது. கிறீஸ் அடிக்கத் தேவையில்லாத வாகனத்துக்கும் கீழே போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும்.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

கராஜ் பூட்டு. மாமாவின் பழைய மொரிஸ் மைனர் காருக்குக் கிறீஸ் அடித்தோம்.

மைனரின் முன்சில்லு திரும்புகிற அச்சு மேலும் கீழும் மரை போட்ட கட்டைகளுக்குள் நிற்கிறது. இரண்டுக்கும் நிப்பிள் உண்டு. பழைய கையேட்டில் 1000 மைலுக்கு ஒருதரம் அடிக்கச் சொல்லியிருக்கிறது. அடிக்காமல் விட்டால் கீழ்க்கட்டையின் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு மடிந்து கார் குந்திவிடும். மைனர் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் தெரியும்.

நிப்பிளின் வாயைத் துணியால் துடைத்தால் நடுவில் சின்னக் குண்டு மினுங்கும். அடியில் ஸ்பிரிங். கன்னின் அழுத்தம் வந்தால் குண்டு உள்ளே போய் வழி விடும். கன்னை எடுத்தவுடன் திரும்பி வந்து வாயை அடைத்துவிடும். தூசியும் போகாது, கிறீசும் வராது. 1920களில் ஒஸ்கார் சேர்க் என்ற ஒஸ்ரியா நாட்டுக்காரர் செய்த வடிவத்தைத்தான் இன்றும் பாவிக்கிறோம்.

மாமா சில்லை ஜக் போட்டு நிலத்திலிருந்து தூக்காமல் அடிக்க விடமாட்டார். "பாரம் அமத்திற பக்கத்துக்குக் கிறீஸ் போகாதடா, தூக்கிப்போட்டு அடி" என்பார். அது சரி. தூக்கி அடித்தபோது ஓரத்தால் முதலில் கறுப்பாக, பிறகு செம்மண் நிறத்தில், கடைசியில் புதுக் கிறீஸ் வந்தது. அதற்குப் பிறகுதான் நிற்பாட்டினார்.

1990களில் போர்க்காலப் பெற்றோல் தடையின்போது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இஞ்சின் பட்ட பாடு தனி. கீழ்ப்பாகம் தப்பியது கிறீசால்தான் என்று மாமா சொல்லுவார். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று, ஸ்ரியரிங் இறுக்கம் என்று வந்தது. வளைவில் திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வருவதில்லை. சாரதி சின்னப் பெடியன். "அண்ணை, புது வாகனங்களுக்குக் கிறீஸ் தேவையில்லை எண்டு சேர்விஸ் செய்யிற இடத்திலை சொன்னவை" என்றான்.

பட்டாவின் முன்பக்கம் கார் மாதிரி இல்லை. பெரிய லொறி மாதிரி முழு அச்சு, வில், சில்லு திரும்புகிற தடித்த ஊசியான கிங் பின். கிங் பின் இருந்தால் அநேகமாக நிப்பிளும் இருக்கும். செம்மண்ணும் பழைய எண்ணெயும் கட்டிப்பட்டு நிப்பிள்கள் மூடியிருந்தன. கம்பித் தூரிகையால் உரசித்தான் கண்டுபிடித்தேன். ஒன்று அடைத்துப்போயிருந்தது, கழற்றிப் புதிது போட்டேன். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம். பெடியனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன். ஆட்டம் நின்றிருந்தால் பேரிங் என்று சொல்லலாம். நிற்கவில்லை. கிங் பின்னே தேய்ந்துவிட்டது.

அவன் முகம் வாடிப்போனது. அந்த வாகனம்தான் அவன் வீட்டு அடுப்பு. அச்சு எப்படி இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்காமல் "தேவையில்லை" என்று சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம். நாலு போக்குக் கிறீஸ், அதாவது கன்னை நாலுதரம் அமத்துகிற அளவு, இவ்வளவு செலவையும் தடுத்திருக்கும்.

லான்ட் குறூசரும் இப்படித்தான். உள்ளே திரை, கமெரா எல்லாம் இருக்கும், கீழே ஷாஃப்ற்றில் நிப்பிள் இருக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

எந்தக் கிறீஸ் என்று கேட்கிறார்கள். சாதாரண வேலைக்கு 2ஆம் இலக்க லிதியம் கிறீஸ் போதும். இலக்கம் தடிப்பைத்தான் சொல்கிறது: 000 என்றால் கூழ், 6 என்றால் கட்டி. வேறு அடிப்படையில் செய்த கிறீசை, உதாரணமாகக் களிமண் கிறீசை, லிதியத்தோடு கலந்தால் இளகி ஓடிவிடலாம். நிறம் ஒன்றுதானே என்று கலக்கவேண்டாம். சில மாற்று ரை ரொட் எண்டுகள் நிப்பிளோடு வருகின்றன. அவற்றுக்கு மெதுவாக, உறை இலேசாக உப்பும்வரை மட்டும் அடிக்கவேண்டும். மைனருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் உறை வெடித்துவிடும்.

டிசம்பர் 1, ஞாயிறு

வெள்ளம் வடிந்துகொண்டிருக்கிறது. கராஜ் வாசலில் காலையிலிருந்து வரிசை.

தென்மராட்சிப் பக்கத்திலிருந்து வந்த மசி பெர்குசன் உழவு இயந்திரத்தில்தான் அதிக நேரம் போனது. முன்னச்சு முழுதாகத் தண்ணீருக்குள் நின்றிருக்கிறது. முதல் போக்குகளுக்குப் பால் மாதிரி வெள்ளையாக வந்தது. தண்ணீர் கலந்த கிறீஸ். நடு ஊசி, இரண்டு கிங் பின், எல்லாவற்றுக்கும் சுத்தமான கிறீஸ் வெளியே வரும்வரை அடித்தோம். அந்தத் தண்ணீர் உள்ளே நின்றிருந்தால் மாசி மாதத்துக்குள் துருப் பிடித்திருக்கும். கார்களுக்கு அந்த வசதி இல்லை. உறைகளைச் சுற்றிப் பார்த்து, சில்லைக் கையால் சுழற்றி, பேரிங் இரைகிறதா என்று கேட்டு, நல்லதை நல்லது என்று சொல்லி அனுப்பினோம்.

கோண்டாவில் ரீச்சரும் கோல் எடுத்தார். அவருடைய ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீராம். உறை கிழியாவிட்டால் பயமில்லை, செவ்வாய்க்கிழமை கொண்டுவாருங்கோ, தூக்கிப் பார்ப்போம் என்றேன்.