தயிர் ஆகாத பேரன், முட்டை தொடாத பாட்டி: எங்க ஆர்லாண்டோ டைரி

மார்ச் 30, 2024, சனி, ராத்திரி 11:40

டிஸ்னி பாக்க ஒருவழியா ஆர்லாண்டோ வந்து சேந்தாச்சு. அட்லாண்டால இருந்து ஏழு மணி நேரம்னு மேப் சொல்லுது, எங்களுக்கு பத்தரை ஆச்சு. ஸ்ப்ரிங் பிரேக் ட்ராஃபிக் பாதி, மீதி வால்டோஸ்டா தாண்டி ஒரு ரெஸ்டாரண்ட் பார்க்கிங் லாட்ல உக்காந்திருந்தது.

எங்க வண்டியில யார் யாருக்கு என்ன ஆகாதுன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா இந்த டைரி புரியாது. சின்னவனுக்கு ஏழு வயசு, பால் அலர்ஜி, முந்திரி பிஸ்தா அலர்ஜி. (அது ரெண்டும் ஒரே குடும்பம், ஒண்ணு ஆகலன்னா இன்னொண்ணும் பெரும்பாலும் ஆகாது.) அம்மா கும்பகோணத்துல இருந்து வந்து ரெண்டு மாசம் ஆகுது. சுத்த சைவம், முட்டை கலந்த கேக் கூட கிடையாது, அமாவாசை ஏகாதசி எல்லாம் உண்டு, தயிர் இல்லாம சாப்பாடு முடியாது. அதாவது ஒருத்தருக்கு உயிரா இருக்கறது இன்னொருத்தனுக்கு விஷம், ரெண்டு பேரும் எதிரெதிர் சீட்ல உக்காந்து சாப்பிடணும். எனக்கும் இவருக்கும் பெரியவளுக்கும் எதுவும் பிரச்சனை இல்ல, அதனால எங்கள யாரும் கேக்கறதும் இல்ல.

அந்த ரெஸ்டாரண்ட் பேரு வேணாம். பட்டர் இல்லாம பன் குடுங்க, பையனுக்கு பால் அலர்ஜின்னு ரெண்டு தடவ சொன்னேன், அந்தப் பொண்ணு சரி சரின்னு தலையாட்டிட்டுப் போச்சு. வந்த பன்னோட ஓரம் பளபளன்னு இருந்தது, நான் கைய நீட்டறதுக்குள்ள இவன் ஒரு கடி கடிச்சுட்டான். உதட்ட சுத்தி சிவப்பா தடிப்பு. மூச்சுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பர்ல இருக்கற மாதிரி மருந்து குடுத்துட்டு எபிபென்ன (அலர்ஜி முத்திப் போனா குத்தற ஊசி) கையில வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் கார்லயே அவன் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தோம். அம்மா வாய் திறக்கல, விரல் மட்டும் ஜெபமாலை மாதிரி நகர்ந்துட்டே இருந்தது. அவன் என்னடான்னா ஐபேட் கேட்டான்.

மார்ச் 31, ஞாயிறு

இன்னைக்கு பார்க் கிடையாது, ஈஸ்டர் கூட்டம். சின்ன கிச்சன் இருக்கற ரூமாப் பாத்துத்தான் புக் பண்ணியிருந்தேன், காலைலயே குக்கர் சத்தம். டிஸ்னி பார்க்குக்குள்ள நம்ம சாப்பாட்ட எடுத்துட்டுப் போகலாம், இது நிறைய பேருக்குத் தெரியல. கண்ணாடி பாட்டில், சாராயம் கூடாது. செக்யூரிட்டில கேட்டா பையத் திறந்து காட்டணும். அதனால அம்மா ரயில் பயணத்துக்குக் கிளம்பற மாதிரி புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவின இட்லி, தக்காளித் தொக்கு, தனக்கு மட்டும் ஒரு டப்பா தயிர் சாதம்னு பண்ணி வெச்சாச்சு. யோசிச்சா நம்ம கட்டுச்சாதம் முக்காவாசி பால், முட்டை, முந்திரி எதுவும் இல்லாததுதான். நெய் விடாம இருந்தா. அந்த "ஒரு சொட்டு நெய்" விஷயத்துல அம்மாவுக்கும் எனக்கும் ரெண்டு மாசமா பனிப்போர் நடக்குது.

சாயங்காலம் டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ்ல எரின் மெக்கென்னா பேக்கரி. பால் கிடையாது, முட்டை கிடையாது, கோதுமையும் கிடையாது. அம்மாவும் பேரனும் ஒரே கடையில ஒரே ஷெல்ஃப்ல இருந்து கை காட்டி வாங்கினது இதுதான் முதல் தடவ. முந்திரி பத்தி மட்டும் கேட்டேன், எதுல இருக்கு, எது பக்கத்துல வெச்சிருக்காங்கன்னு தெளிவா சொன்னாங்க. தேங்காய் எண்ணெய்தான் அங்க நிறைய. இங்க ஒரு கூத்து: அமெரிக்காவுல லேபிள் விதிப்படி தேங்காயும் 'ட்ரீ நட்', அதாவது மரத்துல காய்க்கற கொட்டை கணக்கு (2025 ஜனவரில அந்தப் பட்டியல்ல இருந்து தேங்காய எடுத்துட்டாங்க). அதனால "ட்ரீ நட் அலர்ஜி"ன்னு பொதுவா சொன்னா தேங்காயையும் தூக்கிடுவாங்க, பையன் தேங்காய் நல்லாவே சாப்பிடுவான். அதனால முந்திரி, பிஸ்தான்னு பேர் சொல்லித்தான் கேக்கணும். அம்மாகிட்ட சொன்னேன். "தேங்காய் எப்படிடி கொட்டைல சேரும், அப்ப வாழைக்காயும் கொட்டையா?" கப்கேக்க கடிச்சுட்டே சிரிப்பு.

ஏப்ரல் 1, திங்கள், மேஜிக் கிங்டம்

கால் போச்சு. 22 ஆயிரம் ஸ்டெப்னு வாட்ச் காட்டுது.

மத்தியானம் டுமாரோலேண்ட் பக்கம் ஒரு கவுண்டர்ல சாப்பிட்டோம். ஆப்லயே ஆர்டர் பண்ணலாம், அலர்ஜி மெனு தனியா வரும், பால், முட்டை, கோதுமை, மீன், சோயா, எள்ளுன்னு வரிசையா இருக்கு. பையனோடத தட்டினா அவனுக்கு ஆகறது மட்டும் நிக்குது, அதப் பாத்தாலே பாதி நிம்மதி. ஆனா அம்மாவோடதுக்கு அந்த வரிசையில எடமே இல்ல. பச்சை இலை படம் போட்டது இருக்கு, பிளான்ட் பேஸ்டாம், கறி பால் முட்டை தேன் எதுவும் இல்லாதது. அடடா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே இலைன்னு முதல்ல சந்தோஷப்பட்டேன். ரெண்டு சிக்கல். பால் இல்லாத சீஸ், கிரீம் எல்லாம் நிறைய இடத்துல முந்திரியை அரைச்சுத்தான் பண்றாங்க, அதனால இலை இருந்தாலும் இவனுக்கு விசாரிச்சே ஆகணும். அப்புறம் அந்த இலை பண்டத்துல என்ன இருக்குன்னுதான் சொல்லும், எந்த எண்ணெயில பொரிச்சதுன்னு சொல்லாது. சிக்கன் பொரிச்ச எண்ணெயில போட்ட உருளைக்கிழங்க அம்மா தொட மாட்டாங்க.

இதெல்லாம் கியூல நின்னு விளக்க முடியுமா? பின்னாடி நாப்பது பேரு. அதனால நான் ஒரு வேலை பண்ணேன், நேர்ல போய் நின்னு பையனோடத சொல்லிட்டு, "என் அம்மாவுக்கும் முட்டை அலர்ஜி, எண்ணெய் தனியா வேணும்"னு கூசாம அடிச்சு விட்டேன்.

வேலை செஞ்சுது. சூப்பர்வைசர் ஒருத்தர் வந்தாரு, புது கிளவுஸ், தனி ட்ரே, ரெண்டு தட்டுலயும் அலர்ஜின்னு எழுதின குட்டி குச்சி குத்தி இருபது நிமிஷம் கழிச்சு அவரே கொண்டு வந்தாரு. அம்மா குச்சிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இவன் தட்டுல சரி, என் தட்டுல எதுக்கு?"

சொன்னேன்.

"எனக்கு என்னடி வியாதி? அறுபத்தெட்டு வருஷமா வேண்டாம்னு சாப்பிடாம இருக்கேன், ஏதாவது வந்துடும்னு பயந்து இல்ல."

அதோட விடல. தட்டுல இருந்த பர்கர கொஞ்சம் பிட்டுப் பாத்தாங்க, உள்ள செக்கச்செவேல்னு ஈரமா இருந்தது, சோயால இருந்து எடுத்த ஏதோ ஒண்ணு போட்டு கறி மாதிரியே கலர் வரவெக்கறாங்களாம். நான் விளக்கினதெல்லாம் காதுல ஏறல. தட்ட தள்ளிட்டு பையில இருந்து தயிர் சாத டப்பாவ எடுத்தாச்சு. அவ்வளவு பொய்யும் வீண்.

இவரு அப்ப ஒண்ணும் சொல்லல, அப்புறம் கப்பல் ரைடுக்கு கியூல நிக்கறப்ப மெதுவா ஆரம்பிச்சாரு. "அன்னைக்கு அந்த ரெஸ்டாரண்ட் பொண்ணு ஏன் அசட்டையா இருந்துச்சு தெரியுமா, சும்மா பிடிக்காததுக்கெல்லாம் அலர்ஜின்னு சொல்ற பத்து பேர அன்னைக்கு காலைலயே பாத்திருக்கும். இப்ப நீயும் அதத்தான் பண்ண." கோவம் வந்தது எனக்கு. சரியாத்தான் சொல்றாருன்னு தெரிஞ்சதால ரெண்டு மடங்கு வந்தது.

அட்வென்ச்சர்லேண்ட்ல அலோஹா ஐல்ல அன்னாசி டோல் விப் வாங்கினோம், பால் கலக்காதது. மிஷின்ல இருந்து சுருள் சுருளா இறங்கற ஐஸ்கிரீம இவன் கடைக்கு வெளிய நின்னுதான் பாத்திருக்கான் இத்தனை வருஷமா. முதல் வாய் வெச்சுட்டு என்ன நிமிந்து பாத்தான், "ஷ்யூரா?"ன்னான். ஷ்யூர்டா. அம்மா மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தவங்க ரெண்டாவது ஸ்பூன எடுத்து அவன் கப்ல இருந்தே சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. என்கிட்ட இன்னும் பேச்சில்ல.

ஏப்ரல் 2, செவ்வாய், எப்காட்

இதுவும் டிஸ்னி பார்க்தான். உள்ள இருக்கற ஏரிய சுத்தி பதினோரு நாட்டுக்கு அரங்கு இருக்கு, நார்வே முதல் ஜப்பான் வரைக்கும். இந்தியா இல்ல. அம்மாவுக்கு நம்பவே முடியல, "பாரு, எங்கயாவது மறைஞ்சிருக்கும்." மொராக்கோ பக்கம் ஃபலாஃபெல் வாங்கிக் குடுத்தேன், எண்ணெய் கேட்டுட்டுத்தான், பொய் சொல்லாம கேட்டுட்டு. "கொண்டைக்கடலை வடை, சோம்பு போடல" அப்படின்னு தீர்ப்பு.

போட்ல போற லிவிங் வித் தி லேண்ட் ரைடுல மட்டும் அம்மாவுக்கு உயிர் வந்துச்சு. உள்ள பெரிய கிரீன்ஹவுஸ், வாழை, பலா, பூசணி, மண்ணே இல்லாம வேர் தொங்கிட்டு வளருது, அங்க விளையறதுல கொஞ்சம் அவங்க ஹோட்டல்லயே சமைக்கறாங்களாம். ரெண்டாவது தடவையும் போனோம். மத்த நாளா இருந்தா ரைடுக்கு ரெண்டாவது தடவ கேக்கறது பிள்ளைங்கதான்.

மத்தியானம் 31 டிகிரி இருக்கும். எபிபென்ன வெயில்ல வெக்கக் கூடாது, 25 டிகிரிக்குள்ள இருக்கணும், ஐஸ் மேலயும் வெக்கக் கூடாது. துணி சுத்தின பவுச்ல போட்டு இடுப்புல கட்டிட்டு அலையறேன், எப்பவும் ரெண்டு.

ஏப்ரல் 3, புதன், சனா

இந்த ட்ரிப்ப பிளான் பண்ணதே இந்த ஒரு சாப்பாட்டுக்காகன்னு சொல்லலாம். 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் திறக்கும், பிப்ரவரி 3 காலைல ஆறு மணிக்கு அலாரம் வெச்சு எடுத்தேன். அனிமல் கிங்டம் லாட்ஜ்ங்கற டிஸ்னி ஹோட்டல்ல, கிடானி வில்லேஜ்ங்கற கட்டடத்துல இருக்கற ரெஸ்டாரண்ட் சனா, அங்க சாப்பிட பார்க் டிக்கெட் தேவையில்ல. ஆப்பிரிக்க சாப்பாடும் இந்திய சாப்பாடும் கலந்த மெனு. பிரெட் சர்வீஸ்னு ஒண்ணு, நாலஞ்சு வகை ரொட்டி, தொட்டுக்க ஒம்பது கிண்ணம். ஜன்னலுக்கு வெளிய ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை.

போன உடனே சர்வர் அலர்ஜி உண்டான்னு கேட்டாரு, பையனோடத சொன்னேன். நான் அடுத்தத ஆரம்பிக்கறதுக்குள்ள அம்மா கைய நீட்டி என்ன நிறுத்திட்டாங்க. கொஞ்ச நேரத்துல வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் செஃப் வந்து எங்க டேபிள் பக்கத்துல குனிஞ்சு நின்னாங்க. அம்மா நேரா அவங்க கண்ணப் பாத்து, "நோ எக். நோ மீட். நோ ஃபிஷ். நாட் அலர்ஜி. ஐ டோண்ட் ஈட்."

செஃப், "காட் இட்." எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அவங்களே கேட்டாங்க, "பொரிக்கற எண்ணெய் கறியோட சேந்தா பரவாயில்லையா?" நான் மொழிபெயர்த்தேன். அம்மா பலமா தலையாட்டி வேண்டாம்னாங்க. அதுக்கு ஒரு கோடு போட்டாங்க. முடிஞ்சுது. இதுக்கா நான் அவ்வளவு நாடகம் ஆடினேன்.

பையனுக்கு நான் ரொட்டி கிடையாது, பனீர் பராத்தா கிடையாது, ராய்த்தா கிடையாது, வேற ரொட்டி ரெண்டும், பாலும் முந்திரியும் இல்லாத கிண்ணங்களும் தனித் தட்டுல வந்துச்சு, எது எதுன்னு விரலால தொட்டுக் காட்டாத குறையா சொல்லிட்டு, "எங்க கிச்சன்ல பாலும் முந்திரியும் இருக்கு, முழுசா கேரண்டி குடுக்க முடியாது, முடிஞ்சவரை தனியா பண்ணியிருக்கேன்"னும் சொன்னாங்க. அத சொல்றவங்களத்தான் எனக்கு நம்பிக்கை. நோ ப்ராப்ளம்னு சிரிக்கறவங்க கிட்டதான் வயிறு கலங்குது.

பெரியவ ஒம்பது கிண்ணத்தையும் ஒண்ணு விடாம டேஸ்ட் பண்ணிட்டு கைய கழுவிட்டு வந்துதான் தம்பி பக்கத்துல உக்காந்தா. யாரும் சொல்லல. அவளுக்கு அஞ்சு வயசுல இருந்து இப்படித்தான்.

வெளிய பெரிய கொம்பு வெச்ச மாடு ஒண்ணு ஜன்னலுக்கு நேரா வந்து நின்னுச்சு. ஒட்டகச்சிவிங்கிய எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இருக்க, அம்மா மட்டும் மாட்டையே பாத்துட்டு நான் ரொட்டிய பிட்டு கொத்தமல்லி சட்னில தொட்டு சாப்பிட்டுட்டு இருந்தாங்க. போற வழில கார்ல என்கிட்ட பேசினாங்க, "ஏசிய கொறடி."

ஏப்ரல் 5, வெள்ளி

நேத்து எழுதல. ஸ்விம்மிங் பூல், தூக்கம், துணி துவைச்சது.

ஏகாதசி பஞ்சாயத்து வேற. ஊர் காலண்டர்ல இன்னைக்குப் போட்டிருக்கு, இங்க நேரத்துக்கு நேத்தா இன்னைக்கான்னு சித்திக்கு போன் மேல போன். கடைசில ரெண்டு நாளும் சேத்து இருந்துட்டாங்க, பழம், பால், வேக வெச்ச உருளைக்கிழங்கு. பையன் பால் டம்ளரப் பாத்துட்டு டேபிளோட அந்தக் கடைசிக்குப் போய் உக்காந்துக்கிட்டான், "பாட்டி, உனக்கு இன்னைக்கு ரைஸ் அலர்ஜியா?" அம்மா என்னப் பாத்தாங்க. நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

ஏப்ரல் 6, சனி, வீடு

கட்டுச்சாதத்தோடதான் திரும்பினோம், ரோட்டுல எங்கயும் சாப்பிடல. வால்டோஸ்டா வந்தப்ப வண்டியில யாரும் பேசல.

இப்ப ஹால்ல அம்மா ஸ்பீக்கர்ல போட்டு சித்திகிட்ட பேசிட்டு இருக்காங்க, இங்க வரைக்கும் கேக்குது. கோட்டை, வாணவேடிக்கை, மிக்கி மவுஸ் எதுவும் வரல இன்னும். "...அந்த மாட்டுக்குக் கொம்பு என் ஒசரம் இருக்கும்டி. சட்னியா? அரைச்சிருந்தாங்க நல்லா. உப்புதான் பத்தல."