எக்செல்: அட்டவணைக்கு முன்பே இருந்த வினைச்சொல்

எக்செல் என்றதும் நம்மில் பலருக்கு, 1985இல் முதலில் மேக்கின்டாஷ் கணினிக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அந்தக் கட்டம் போட்ட மென்பொருள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பிறரை விஞ்சிச் சிறந்து விளங்குதல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கிவந்த வினைச்சொல் அது. உயர்ந்து நிற்பதைக் குறிக்கும் எக்ஸெல்லெரே என்ற லத்தீன் வினையே அதன் மூலம். நம் நாட்டில் முன்பு ஆளுநர்களை விளிக்கப் பயன்பட்ட எக்ஸலென்சியும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

வேலைக்கு விண்ணப்பித்த காலத்தில், 'ஐ எக்செல்டு வெரி வெல் தேன் அதர்ஸ்' என்று நான் பெருமையோடு எழுதியிருந்தேன். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. சிறப்பு இந்த வினைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் 'வெரி வெல்' மிகை; 'மற்றவர்களைவிட' என்ற நம் வழக்கை அப்படியே பெயர்த்ததால் வந்து ஒட்டிக்கொண்டது அந்தத் 'தேன்'. 'ஷி எக்செல்ஸ் அட் செஸ்' என்பதுபோல் செயலுக்கு முன் 'அட்', 'எக்செல்ஸ் இன் மேத்ஸ்' என்பதுபோல் துறைக்கு முன் 'இன்' வருவதே பொதுவான வழக்கு.

பிரிட்டிஷ் வழக்கில் 'யூ ஹாவ் எக்செல்டு யுவர்செல்ஃப்' என்றால் வழக்கமான தன் திறமையையே ஒருவர் தாண்டிவிட்டார் என்று பொருள். சோறு அடிப்பிடித்த நாளில் அதையே சொன்னால், அது பாராட்டல்ல, நம் ஊர் 'பிரமாதம் போ' தான்.