விளக்கு வைப்பதற்குள் வேனை நிறுத்து

மெல்பேர்ன் வந்து மூன்றாவது வருடம், ஏப்ரல் பள்ளி விடுமுறையில் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்து, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாவைச் சுற்றுவது என்று முடிவு செய்தோம். வரைபடத்தில் அந்தத் தீவு கையகலம்தான். தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து மேற்குக் கரையில் இருக்கும் ஸ்ட்ரானுக்கு 300 கிலோமீட்டர், சென்னையிலிருந்து திருச்சி தூரம்கூட இல்லை, இதற்கு ஒரு நாள் எதற்கு என்று எக்ஸெல்லில் 7 நாளுக்கு 8 ஊர் அடுக்கினேன். அலுவலகத்தில் பெருமையாகக் காட்டினால், ஹோபார்ட்டில் வளர்ந்த ஒருவர் ஊர்ப் பட்டியலைப் பார்க்கவே இல்லை. அங்கே சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று பார்த்தாயா என்றார்.

பார்க்கவில்லை. ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், மாத நடுவில் அங்கே ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு சாலை நமக்கு இல்லை, சின்னக் கங்காரு மாதிரி இருக்கும் வாலபிக்கும், அதைவிடக் குட்டியான பேடிமெலனுக்கும், வாம்பட்டுக்கும்தான். வாம்பட் குட்டையாக, உருண்டையாக, ஒரு சின்னப் பாறை மாதிரி இருக்கும், மோதினால் அதற்கும் போச்சு வண்டிக்கும் போச்சு. வாடகை ஒப்பந்தத்தை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன்: இருட்டிய பிறகு விலங்கு மோதினால் இன்சூரன்ஸ் கிடையாது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடு என்று அம்மா சின்ன வயதில் கத்தியதை இந்த ஊர்க்காரர்கள் ஒப்பந்தமாகவே அடித்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த 300 கிலோமீட்டர். காரிலேயே நாலரை மணி நேரம், மலைப்பாதை, குவீன்ஸ்டவுன் இறக்கத்தில் வளைவுக்கு மேல் வளைவு. வேனில், பின்னால் பாத்திரம் உருள, வாந்தி எடுக்கும் பையனோடு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேற்குக் கரையைத் திட்டத்திலிருந்தே தூக்கினோம், மனசே இல்லாமல். மிஞ்சியது கிரேடில் மவுண்டன் என்ற மலை, கிழக்குக் கரையில் பே ஆஃப் ஃபயர்ஸ் கடற்கரையும் ஃப்ரேசினே தீபகற்பமும். எங்கே இருந்தாலும் நாலரை மணிக்கு வேன் நின்றிருக்க வேண்டும் என்பது மனைவியின் சட்டம்.

வண்டியையும் ஏற்றிக்கொண்டு டாஸ்மேனியா போகும் கப்பல் இப்போது மெல்பேர்னுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கிலிருந்து போகிறது, 2022 அக்டோபரில் மாற்றிவிட்டார்கள், பழைய குறிப்புகளை நம்பி போர்ட் மெல்பேர்ன் போய் நிற்காதீர்கள். வேனின் நீளம், உயரம் இரண்டையும் கேட்பார்கள், முன்பே அளந்து வையுங்கள். விடுமுறை என்றால் சீக்கிரமே பதிவு செய்வது நல்லது. ஒரு வாரத்துக்குக் குறைவாகப் போகிறவர்கள் விமானத்தில் போய் அங்கேயே வேன் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நாங்கள் குக்கரையும் இட்லிப் பானையையும் விட்டுப் பிரிய முடியாத ஜாதி, அதனால் கப்பல்.

ஆனால் புதுக் காய்கறி, பழம் எதுவும் கொண்டுபோக முடியாது. பழ ஈ இல்லாத தீவு, அதைக் காப்பாற்ற, கப்பல் போய்ச் சேரும் டெவன்போர்ட்டில் இறங்கும்போது மோப்ப நாயோடு நிற்கிறார்கள். சாம்பார் பொடி, அரிசிக்குப் பிரச்சினை இல்லை. கொல்லையில் இரண்டு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த செடியிலிருந்து பறித்து, நனைத்த துணியில் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலையைக் குப்பைத் தொட்டியில் போடும்போது மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

கிரேடிலில் டவ் ஏரி வரை வேனில் போக முடியாது, விசிட்டர் சென்டரில் நிறுத்திவிட்டு ஷட்டில் பஸ். இலையுதிர் காலத்தில் நிறம் மாறும் ஃபேகஸ் மரங்கள் ஓரத்தில் மட்டும் மஞ்சளாகியிருந்தன, ஏப்ரல் கடைசியில்தான் முழுசாகப் பொன்னிறமாகுமாம். பே ஆஃப் ஃபயர்ஸில் காசு வாங்காத முகாம்கள் கடலை ஒட்டியே இருக்கின்றன, முன்பதிவு இல்லை, முந்தியவருக்கு இடம். குடிதண்ணீர் கிடையாது, முன்னாடியே நிரப்பிக்கொள்ள வேண்டும். நாலரை மணி சட்டம் அங்கே நன்றாகவே உதவியது. ஐந்து மணிக்கு வந்த இரண்டு வேன்கள் இடமில்லாமல் திரும்பிப் போயின, நாங்கள் ஆரஞ்சுப் பாறைகளைப் பார்த்தபடி கறிவேப்பிலை இல்லாத ரசம் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. படிக்கட்டுக்கு அடியில் ஒரு பேடிமெலன் வந்து நின்றது, பையன் மூச்சை அடக்கிக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தான். அது போனதும், இனிமேல் தூங்கும் வரை என்னப்பா செய்வது என்று கேட்டான். சீட்டுக்கட்டை மறந்துவிட்டு வந்திருந்தோம்.

ஸ்ட்ரானைப் பார்க்க வரும் ஜனவரியில் போகக் கப்பல் டிக்கெட் போட்டாயிற்று. அப்போது அங்கே கோடை, ராத்திரி எட்டரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்.