கல்கால் நடும் முன் அளவு போட்ட கதை

சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு 1 ஏக்கர் 40 சென்ட் மரவள்ளிக் காடு. போன வருஷம் கிழங்கு திரளும் நேரத்தில் ஒரே ராத்திரியில் பன்றிகள் கால்வாசிக் காட்டைக் கிளறிப் போட்டுவிட்டன. காலையில் போய்ப் பார்த்த அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலி போட்டே ஆகணும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

கல்காலுக்கும் முள்கம்பிக்கும் விலை பேசி முன்பணம் கொடுக்க இருந்தேன். அப்பா காலத்துக் கிளுவை வேலி நிற்கிற கோட்டிலேயே நட்டால் போதும் என்று நினைத்தேன். வடக்குக் காட்டுக்காரப் பெரியவர்தான் நிறுத்தினார். "தம்பி, அன்னிக்குக் கிளுவை நட்டவங்க கயிறு புடிச்சா நட்டாங்க? ஒரு தடவ அளந்துருங்க. நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் பேச்சு வேண்டாம்."

பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் என்று இரண்டு மாதம் அதிலேயே போனது. பிறகுதான் சர்வேயர் வந்து அத்து, அதாவது நில எல்லை, காட்டச் சொல்லி இணையத்தில் மனுப்போட்டுப் பணம் கட்டினேன்.

காத்திருந்த நாட்களில் சொந்தக்காரர் ஒருவர், "ராத்திரி மட்டும் கம்பியில கரண்ட் விடு" என்றார். மோட்டார் லைனிலிருந்து வேலிக்கு நேராக மின்சாரம் கொடுப்பது குற்றம். காட்டெருமையும் சாகும், தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷனும் சாவான். விட்டு விட்டு அதிர்ச்சி மட்டும் கொடுக்கும் சோலார் வேலி வேறு. ஆனால் 2023-இல் வந்த தமிழ்நாடு விதிகளின்படி, காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அதற்கும் முன் அனுமதி வேண்டும். எங்கள் காடு அந்த எல்லைக்குள்தான். அதனால் முள்கம்பியே போதும் என்றேன்.

சர்வேயர் வருகிற தேதி பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. எல்லோரும் வந்தார்கள். மூன்று புலங்கள் கூடும் இடத்துக் கல்லைத் தேடவே ஒரு மணி நேரம். புளியமரத்தடியில் மண் மூடிக் கிடந்தது. அதிலிருந்து புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், உள்ள மீட்டர் கணக்கில் அளந்து வந்தபோது, வடகிழக்கு மூலையில் எங்கள் கிளுவை பெரியவர் காட்டுக்குள் ஐந்தடி போயிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிழக்கே ஓடைப் புறம்போக்கு. கரைக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொன்னார்கள். புறம்போக்கில் கல் நட்டால் 1905-ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் வரும்.

பெரிய சிக்கல் தெற்கே இருந்தது. எங்கள் காட்டோரமாக ஒரு தடம் போகிறது. பின்னால் இருக்கும் மூன்று குடும்பம் எருவண்டி ஓட்டுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் அதில்தான். புலப்படத்தில் அந்தத் தடம் இல்லை, நிலம் முழுக்க எங்கள் பட்டாவில். "நம்ம பட்டா, நாம அடைச்சா எவன் கேப்பான்?" என்றார் சித்தப்பா.

எனக்கு மனசு கேட்கவில்லை. சேலத்தில் ஒரு வக்கீலிடம் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கொண்டு போனேன். அவர் சொத்து விவரப் பகுதியை மட்டும் படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார்: 'மாமூல் வண்டித்தட பாத்தியத்துக்கு உட்பட்டு'. அந்த வரியே போதும் என்றார். அது இல்லாவிட்டாலும், இருபது வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகப் புழங்கிய தடத்துக்கு 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் பாத்தியம் கொடுக்கிறது, வேறு வழியே இல்லாத காட்டுக்குத் தனியாகவும் பாதுகாப்பு இருக்கிறது என்று விளக்கினார். அடைத்தால் முன்சீப் கோர்ட்டில் தடையாணை வாங்கிவிடுவார்கள். பட்டா இருந்தால் எல்லாம் நம் இஷ்டம் என்று நானும் அதுவரை நம்பியிருந்தேன். வேலி போடப் போகிறவர்கள் பட்டாவோடு பழைய பத்திரத்தையும் ஒரு முறை வரி வரியாகப் படியுங்கள்.

சித்தப்பாவைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் ஆனது. பத்திரத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். தடத்துக்குப் பத்தடி விட்டு, எங்கள் பக்கம் கல்கால் நட்டோம். பின்காட்டுக்காரர்களும் நாங்களும் அகலத்தை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். பன்றி நுழையாதபடி அடிக்கம்பியைத் தரையோடு ஒட்டி இழுத்துக் கட்டியிருக்கிறோம். வடகிழக்கு மூலையில் கடைசிக் கல் நட்டபோது, நூல் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்தவர் அந்தப் பெரியவர்தான்.