அக்வாவின் பெற்றோல் கணக்கும் பற்றரி மீது விழுந்த பழியும்

எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான என்னுடைய 2014 ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா, யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் லீற்றருக்கு 23 கிலோமீற்றர் வரை ஓடிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு ஒயில் மாற்றி, நான்கு ரயர்களும் புதிதாகப் போட்டு ஒரு பெரிய சேர்விஸ் செய்தபின், அது சில மாதங்களில் 19க்கு இறங்கிவிட்டது. கராச்சில் கேட்டபோது, வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே, "ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது அண்ணை, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். வேறோரிடத்தில் ஸ்கானர் பூட்டிப் பார்த்தால், பற்றரிக் கட்டங்களின் மின்னழுத்தம் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நின்றது. பின்னிருக்கையருகே பற்றரிக்குக் காற்றுப் போகும் வாயில் செம்மண் தூசி படிந்திருந்தது உண்மை. அது அடைத்தால் பற்றரி சூடேறி, மின்சாரத்தைக் கொடுப்பதும் வாங்குவதும் மட்டுப்பட்டு, எஞ்சின் கூடுதலாக இயங்கும். அதைத் துப்புரவாக்கியும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

பிறகுதான் சேர்விஸ் பற்றுச்சீட்டை எடுத்து வாசித்தேன். 0டபிள்யூ-20 ஒயில் விட வேண்டிய எஞ்சினுக்கு அதைவிடத் தடித்த 10டபிள்யூ-30 விட்டிருந்தார்கள். எங்கள் வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்பது இங்கே பலரும் சொல்லும் நியாயம். ஆனால் சூடேறிய எஞ்சினின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது, குளிர்விக்கும் நீரோட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றே தவிர வெயில் அல்ல. அதிலும் ஹைபிரிட்டில் எஞ்சின் நின்று நின்று இயங்குவதால், சந்தைக்குப் போய்வரும் 5 கிலோமீற்றரில் ஒயில் சரியாகச் சூடாவதே இல்லை. 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினுக்கு 10டபிள்யூ-30 விட்டாலே எரிபொருள் சிக்கனம் 1 முதல் 2 வீதம் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்கிறது.

ரயர் விடயத்தில் தவறு என்னுடையது. உருளும்போது குறைவாக இழுக்கும் வகை ரயர்கள் இருந்த இடத்தில், விலையைப் பார்த்துச் சாதாரண ரயர்களைப் போடச் சொன்னவன் நானே. ஆனாலும் இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. தேய்ந்த ரயரின் சுற்றளவு குறைவாகையால், அது அதே தூரத்துக்குக் கூடுதல் தடவை சுழன்று, மீற்றரில் கூடிய கிலோமீற்றரைக் காட்டும். 165/70 ஆர் 14 அளவு ரயரின் ஆரை ஏறத்தாழ 293 மில்லிமீற்றர். அதில் 6 மில்லிமீற்றர் தேய்ந்தால் வித்தியாசம் 2 வீதம். ஆகவே நான் பறிகொடுத்ததாக எண்ணியதில் லீற்றருக்கு அரைக் கிலோமீற்றரளவு, பழைய ரயர்கள் முன்பு கூட்டிச் சொன்ன பொய்தான்.

உண்மையான குற்றவாளி முன் இடது சில்லில் இருந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் நான்கு சில்லுகளையும் கையால் தொட்டுப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருக்க, அது மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டது. ஜக் போட்டுத் தூக்கிச் சுழற்றினால் அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டரே மின்சாரமாக மாற்றி எடுத்துக்கொள்வதால் பிறேக் பாட்கள் மெதுவாகத்தான் தேயும். பாட் தேயாததால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. கழற்றாததால், பாட்களைப் பிறேக் தட்டோடு அழுத்தும் கலிப்பர் நகரும் ஊசிகளில் கிறீஸ் காய்ந்து துரு ஏறுகிறது. பிறகு பிறேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பாட் தட்டை விடாது. சிக்கனமான வண்டிக்குத்தான் இது கூடுதலாக உறைக்கும்: 100 கிலோமீற்றருக்கு 0.4 லீற்றர் வீணானால், 12 ஓடும் கார் 11.5க்கு இறங்கும், 23 ஓடும் கார் 21க்கே வந்துவிடும். ஊசிகளைத் துடைத்து, பிறேக்குக்குரிய கிறீஸ் பூசிப் பூட்ட ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

எயார் பில்டரை மாற்றினால் பெற்றோல் மிஞ்சும் என்பதை நான் இப்போது நம்புவதில்லை. உள்ளே வரும் காற்றை அளந்து எரிபொருள் தெளிக்கும் எஞ்சினில், அடைத்த பில்டர் எஞ்சினின் சக்தியைத்தான் குறைக்கும். 95 ஒக்டேன் பெற்றோல் அடிப்பதும் அப்படியே. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென்று செய்த வண்டிக்கு நமது 92 போதும். காற்றழுத்தத்தை மட்டும் பதினைந்து நாளுக்கொருமுறை, வண்டி ஓடுவதற்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறேன்.

இப்போது ராங்கை முழுதாக நிரப்பி, அடுத்தமுறை நிரப்பும்வரை ஓடிய தூரத்தை லீற்றரால் வகுத்துக் கொப்பியில் எழுதுகிறேன். டாஷ்போர்ட் காட்டும் எண்ணை எடுப்பதில்லை. கடைசி மூன்று தடவையும் 21.5க்கும் 22க்கும் இடையில் வந்தது. மிச்சம், பழைய ரயர்கள் சொன்ன பொய் போக, நான் மலிவாக வாங்கிய ரயர்களின் கணக்கு.