மலைப்பாதை பிக்கப்புக்குப் பின்பக்க ஏர் பேக்: மாட்டுவதற்கு முன் பிரேக் வால்வைப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோழி எருவோ சிமென்ட்டோ ஏற்றிக்கொண்டு மேலே வரும் பிக்கப் இரவில் எதிரே வந்தால் கவனித்துப் பாருங்கள். டிம் லைட்தான் போட்டிருப்பார், ஆனாலும் வெளிச்சம் நேராக நம் கண்ணில் அடிக்கும். ஓட்டுகிறவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பாரத்தில் பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு வருகிறது வண்டி, லைட் வேறு எங்கே பார்க்கும்? எதிரே வருகிறவருக்கு லைட் தொந்தரவு என்றால் ஓட்டுகிறவருக்கு அடியில் இருக்கிறது தொந்தரவு. பட்டை, அதாவது பின்பக்க எடையைத் தாங்கும் இரும்புத் தகட்டு ஸ்பிரிங், முழுக்கத் தாழ்ந்து, பின் ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் ரப்பர் ஸ்டாப்பர் வரைக்கும் போய்விட்டால் அதற்குப் பிறகு ஸ்பிரிங் என்று எதுவுமில்லை. வளைவில் ஒரு குழி விழுந்தால் போதும், மொத்தப் பாரமும் ஒரே அடியாகச் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இடிக்கும், வண்டி பக்கவாட்டில் துள்ளும்.

ஊட்டியை ஒட்டிய கேத்தி, பாலாடா பக்கம் காய்கறி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலை பிடுங்கிய கேரட்டை மெஷினில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட மூட்டை கட்டி ஏற்றுகிறோம். அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு. குன்னூர் தாண்டினால் 14 கொண்டை ஊசி வளைவு. பர்லியாறு, கல்லாறு என்று முழுக்க இறக்கம். நான் பின்பக்கம் ஏர் பேக் போட்டு ஓட்ட ஆரம்பித்த பிறகு, எங்கே வாங்கினாய், எவ்வளவு ஆச்சு, இன்னும் எத்தனை மூட்டை கூட ஏறும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மூன்றாவது கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். அப்படியே இதைவிட முக்கியமான இரண்டு விஷயங்களை யாரும் கேட்பதே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது என்ன சாமான் என்று பார்த்துவிடலாம். விபத்தில் விரியும் ஏர் பேக் வேறு, இது வேறு. கனமான ரப்பரில், உள்ளே நூல் அடுக்கு வைத்துச் செய்த பை. மேலே ஒரு இரும்புத் தட்டு, கீழே ஒரு தட்டு. சேஸுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே, பட்டைக் கட்டின் மேல், பக்கத்துக்கு ஒன்றாக உட்காரும். பெங்களூரிலிருந்து ஊட்டிக்கு வரும் வால்வோ பஸ்ஸில் இருப்பது முழு ஏர் சஸ்பென்ஷன், அதில் பட்டையே கிடையாது, மொத்த எடையையும் காற்றுதான் தாங்கும். நம்முடையது அப்படியில்லை. பட்டை பட்டையாகவே இருக்கும், பை அதற்குத் துணை. சாதாரணமாகக் கிடைக்கும் கிட்டுகளில் காற்றழுத்தம் குறைந்தது 5 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அளவு), அதிகபட்சம் 100 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். ஏர் லிப்ட், பயர்ஸ்டோன் இரண்டுமே இதில் பழைய கம்பெனிகள். காயில் ஸ்பிரிங் வண்டிக்குச் சுருளுக்குள்ளேயே நுழைக்கிற மாதிரி வேறொரு ரகம் வருகிறது, பட்டை வண்டிக்கு அது ஆகாது.

"எதுக்குத் தம்பி இவ்வளவு செலவு? கூட ரெண்டு பட்டை ஏத்திவிட்டா சரியாப் போகும்" என்றார் மேட்டுப்பாளையம் பட்டை பட்டறை அண்ணன். அவர் சொன்னது தப்பில்லை. எந்நேரமும் பாரத்தோடேயே ஓடும் வண்டிக்கு எக்ஸ்ட்ரா பட்டைதான் சரி, விலையும் குறைவு, பஞ்சர் ஆகிற கவலையும் கிடையாது. ஆனால் நம்மில் பாதிப்பேர் இறங்கும்போது பாரம், ஏறும்போது காலி. கூடுதல் பட்டை போட்ட வண்டி காலியாகத் தோட்டத்துப் பாதையில் போனால் கல்லுக்குக் கல் குதிக்கும், முதுகு போய்விடும், ஈர மண்ணில் பின் டயர் பிடிக்காமல் சுற்றும். ஏர் பேக்கில் பாரத்துக்குக் காற்றை ஏற்றலாம், காலியானால் இறக்கலாம். அதற்காகத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. ஒரு மூட்டைகூடக் கூடுதலாக ஏறாது. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்று என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பை வண்டியை நிமிர்த்தும், ஆனால் ஆக்சில், வீல் பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையதேதான். பின்பக்கம் தாழாமல் நிற்பதால் பாரம் கண்ணுக்குத் தெரியாது, அதுவே ஆபத்து. இன்னொன்று, பட்டை தன் எடையைச் சேஸில் முன்னே ஒரு இடம், பின்னே ஒரு இடம் என்று பிரித்துக் கொடுக்கிறது. பை நடுவில் ஒரே இடத்தில் முட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் டபுள் கேபின் பிக்கப்களில் ஏர் பேக்கை நம்பி அளவுக்கு மேல் ஏற்றிச் சேஸே வளைந்துபோன சம்பவங்கள் உண்டு. அதுவும் பின் ஆக்சிலைத் தாண்டிப் பின்னால் எடை தொங்கினால் இன்னும் மோசம். ஆக்சிலுக்குப் பின்னால் ஏற்றிய எடை முன் சக்கரத்தை லேசாக்கும், ஏறும்போது வளைவில் ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். இதைப் பையால் சரிசெய்ய முடியாது, மூட்டையைக் கேபின் பக்கம் நெருக்கி அடுக்குவதுதான் வழி. ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை, நிதானம் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி முன் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கம் சேஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். எங்கள் ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம், டீ பேக்டரி முன்னால் இருக்கும் கான்கிரீட் தரையில்தான் வேலை நடந்தது. பட்டை ஆடாமல் தொங்கும் அளவுக்குத் தூக்கினால் போதும். ரப்பர் ஸ்டாப்பரைக் கழற்றினால் அந்த இடத்தில்தான் மேல் பிராக்கெட் உட்காரும். கீழ் பிராக்கெட் ஹவுசிங்கைச் சுற்றியிருக்கும் யூ போல்ட்டோடு பட்டை மேல் இறுகும். இங்கே அவசரப்படக்கூடாது. பிரேக் ஆயில் குழாயும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அந்த வழியாகத்தான் போகின்றன, பிராக்கெட்டுக்கு அடியில் எதுவும் நசுங்கக் கூடாது. பை செங்குத்தாக நிற்க வேண்டும். காற்று ஏறினால் பை தடிக்கும், தடித்த பிறகும் சுற்றிலும் அரை இன்ச் இடைவெளி இருக்க வேண்டும். டயர் பக்கமும் கையை விட்டுப் பாருங்கள். சைலன்சர் குழாய் 15 சென்டிமீட்டருக்குள் வந்தால் கிட்டில் கொடுக்கும் தகட்டுத் தடுப்பைக் கட்டாயம் மாட்டுங்கள், மலை ஏறும்போது அந்தக் குழாய் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காற்றுக் குழாயை வெட்டுவதில்தான் பாதி லீக் பிறக்கிறது. கட்டிங் பிளேயரால் வெட்டினால் குழாயின் வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், பிட்டிங்குக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் சரியாகப் பதியாது. புது பிளேடால் நேராக, ஒரே வெட்டு. வெட்டிய முனையை உள்ளே தள்ளினால் முதலில் ஒரு தடை தெரியும், அதையும் தாண்டி இன்னும் அழுத்தினால்தான் அடியில் போய் முட்டும். பிறகு லேசாக வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், வரக்கூடாது. 30 பி.எஸ்.ஐ. காற்று வைத்து ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் லீக் இருக்கும் இடத்தில் நுரை பூத்துக்கொண்டே வரும். அப்படியே ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருதடவை இறுக்க வேண்டும்.

சரி, யாரும் கேட்காத முதல் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பைக்கும் இரண்டு தனிக் குழாய், இரண்டு தனி வால்வு. நடுவில் டி ஜாயின்ட் போட்டு ஒரே வால்வில் காற்று அடிக்கிற வசதியும் கிட்டோடு வருகிறது, வேலை சுலபம் என்று மெக்கானிக்குகள் அதைத்தான் மாட்டப் பார்ப்பார்கள். சமவெளியில் நேர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது பரவாயில்லை. நமக்கு ஆகாது. கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கத்துப் பை அமுங்கும். டி ஜாயின்ட் இருந்தால் அந்தக் காற்று குழாய் வழியாக உள்பக்கத்துப் பைக்குப் போய்விடும். தாங்க வேண்டிய பக்கம் காற்றிழந்து தாழ்கிறது, தூக்க வேண்டாத பக்கம் காற்று வாங்கி எழும்புகிறது, வண்டி இன்னும் சாய்கிறது. என் மச்சான் வண்டி அப்படித்தான் இருந்தது. கேபின் உயரத்துக்கு மேல் முட்டைக்கோஸ் அடுக்கி அவரோடு கோத்தகிரி ரோட்டில் இறங்கியபோது, ஒவ்வொரு திருப்பத்திலும் பின்பக்கம் ஒரு நொடி தாமதமாகச் சாய்ந்து வந்தது, என் கை தானாகவே கைப்பிடியைத் தேடியது. டி ஜாயின்ட்டைக் கழற்றித் தனித்தனிக் குழாய் போட்டபின் அதே ரோட்டில் அந்தத் தாமதச் சாய்வு இல்லை. ஆன செலவு ஒரு வால்வு, கொஞ்சம் குழாய்.

இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பல பிக்கப்களில் பின் ஹவுசிங்கிலிருந்து ஒரு கம்பியோ நீள ஸ்பிரிங்கோ சேஸில் இருக்கும் ஒரு வால்வுக்குப் போகும், அந்த வால்வில் பிரேக் ஆயில் குழாய்கள் வந்து சேரும். அதுதான் லோட் சென்சிங் வால்வு, சர்வீஸில் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். காலி வண்டியில் பின் பிரேக் முழுசாகப் பிடித்தால் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும், அதனால் இந்த வால்வு பின்னால் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது. பாரம் ஏறிச் சேஸ் தாழ்ந்தால் கம்பி வால்வை நகர்த்தும், பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். அதாவது வண்டியில் எவ்வளவு எடை இருக்கிறது என்று அந்த வால்வுக்கு நேராகத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஹவுசிங்குக்கும் சேஸுக்கும் உள்ள தூரம் மட்டும்தான்.

இப்போது ஏர் பேக்கில் காற்றடித்து, முழுப் பாரத்தோடு இருக்கும் வண்டியைக் காலி வண்டி உயரத்துக்கு நிமிர்த்திவிட்டால் என்ன ஆகும்? வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஒரு டன்னுக்கு மேல் பின்னால் இருக்கிறது, பின் பிரேக் வேலை செய்வது பாதி. மிச்ச வேலை முழுக்க முன் பிரேக் தலையில். குன்னூரிலிருந்து கல்லாறு வரை விடாமல் இறக்கம், முன் டிஸ்க்கும் பேடும் சூடேறி, கருகல் வாடை வந்து, பெடல் அழுத்தினாலும் பிடிப்பு குறையும் நிலை வரும். நேராக நிற்கிற வண்டியைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம். ஏர் பேக் விற்கும் கடையில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வால்வு இருந்தால், அந்தக் கம்பியைப் புது உயரத்துக்குத் தகுந்தபடி செட் செய்யத் தெரிந்த பிரேக் மெக்கானிக்கிடம் காட்டாமல் பாரத்தோடு மலை இறங்காதீர்கள். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸோடு, முன் பின் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் இ.பி.டி.யும் வரும் வண்டிகளில் பின் பிரேக் அளவை எலக்ட்ரானிக்ஸே பார்த்துக்கொள்ளும், பெரும்பாலும் இந்த வால்வு இருக்காது. இருந்தாலும் படுத்துப் பார்த்துவிடுங்கள்.

இதனால்தான் நான் வண்டியை முழுக்க நிமிர்த்துவதில்லை. காலியாக இருக்கும்போது பின் சக்கர நடுவிலிருந்து பாடியின் விளிம்பு வரை டேப் பிடித்து அளவைக் குறித்து வைத்திருக்கிறேன். பாரம் ஏற்றியதும் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, இறங்கியதில் பாதி வரை மட்டும் காற்றால் தூக்குவேன். என் வண்டிக்கு அது 40 பி.எஸ்.ஐ. பக்கம் வருகிறது, உங்களுக்கு வேறாக இருக்கும், அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள். லைட் ரோட்டுக்கு வந்துவிடும், ஸ்டாப்பரில் இடிக்காது, பட்டையும் தன் வேலையைச் செய்யும். இறக்கத்தில் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர் என்பதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. பிரேக் சூட்டுக்கு ஏர் பேக்கால் எந்த உதவியும் கிடையாது.

உயரம் மாறினால் காற்று மாறாதா என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடுகிறது, அது பையைக் கொஞ்சம் சுருக்கப் பார்க்கும். ஆனால் மேலே 10 டிகிரி குளிரில் அடைத்த காற்று கீழே 28 டிகிரி வெயிலில் விரியும். 40 பி.எஸ்.ஐ. அளவில் கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சரியாகப் போகிறது. நடு வழியில் நிறுத்திக் காற்றைத் தொட வேண்டியதில்லை.

காற்றடிக்கப் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் வேண்டாம். பை டயரைவிட ரொம்பச் சின்னது, கண்மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும். நான் சைக்கிள் பம்ப்தான் வைத்திருக்கிறேன். கேஜ் வைத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வெளியே போய்விடும், அதையும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். மண்டியில் பாரம் இறக்கியதும் 10 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடுவேன். சும்மா விடலாமே என்று பூஜ்யத்துக்கு மட்டும் விடக்கூடாது, காற்றில்லாத பை மடிப்புக்கு நடுவே தன்னையே நசுக்கிக்கொண்டு கிழியும். மழைக்காலத்தில் தோட்டத்து மண்ணும் சின்னக் கல்லும் பையின் இடுக்கில் போய் அடையும், வண்டி கழுவும்போது அங்கே தண்ணீரைப் பீய்ச்சி விடுங்கள்.

எப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்குப் போவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது, பேச்சு வந்தால் கையில் பில்லும் கிட் விவரமும் இருக்கட்டும். அப்புறம், டூல் பாக்ஸில் ஒரு முழம் குழாய், இரண்டு பிட்டிங், ஒரு புது பிளேடு போட்டு வையுங்கள். பாதி வழியில் குழாய் அறுந்தால் அந்தப் பக்கம் பட்டையில் உட்கார்ந்து வண்டி ஒருபக்கம் சாயும். அப்படியே வளைவு திரும்பாமல் ஓரங்கட்டி, மற்ற பக்கத்துக் காற்றையும் அதே அளவுக்கு இறக்கிவிட்டு, குழாயை மாற்றியபின் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.